மகனுக்கு ஒரு பெயர்ப் பேரம்

என் மகன் பிறந்த அன்று காலை நான் இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, இவனுக்குப் பெயர் நான்தான் வைப்பேன். இரண்டு, அது என் மாமனார் பெயராக இருக்காது.

எடுத்ததோடு நிற்கவில்லை. மேலே வீடு, கீழே வாழைக்காய் மண்டி. மண்டி வாசலுக்கு இறங்கி வந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். முப்பது வருடமாகப் பேரம் பேசிச் சாப்பிடுகிறவன் செய்யக்கூடாத காரியம் அது. எது வேண்டும், எது வேண்டாம் என்று முதலில் வாயைத் திறக்கிறவன் பாதி தோற்றுவிட்டான். எனக்கு அது தெரியும். ஆனால் நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்த பையன். வாய் நிற்குமா?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் என் பெயர் எலியோதோரோ அஞ்சுந்தியா. எலியோதோரோ கிரேக்கச் சொல். சூரியன் கொடுத்த பரிசு என்று அர்த்தம். அந்தப் பெயரில் என்னைத் தெரிந்தவர்கள் வங்கியும் போலீசும்தான். மந்தா துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் நான் 'சென்டாவோ'. ஒரு காசு என்று பொருள். கடைசி ஒரு காசுவரை விடமாட்டேன் என்று கேலிக்கு வைத்தார்கள். நான் அதையே பெரிய எழுத்தில் போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். கேலி செய்தவர்கள் இன்று அந்தப் போர்டைப் பார்த்துத்தான் வழி கேட்டு வருகிறார்கள்.

எங்கள் கடற்கரையில் இது சகஜம். காகிதத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். காகிதப் பெயர் பிறந்தபோது ஒரு தரம் வெளியே வரும், கல்யாணத்தில் ஒரு தரம், செத்தால் ஒரு தரம். அதனால்தான் இங்கே மரண அறிவிப்பு ஒட்டும்போது இரண்டு பெயரையும் போடுவார்கள். போடாவிட்டால் சவப்பெட்டி தூக்க ஆள் வராது. ஒரு முறை வில்ஃப்ரிதோ என்று யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு, வியாபார மரியாதைக்காக ஒரு மாலை எடுத்துப் போனேன். பெட்டியில் எட்டிப் பார்த்தால், பதினைந்து வருடமாக எனக்கு வெங்காயம் போட்ட 'பூனை'. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை அனுபவம் உள்ளவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னை விட்டது. மீதியைத் துறைமுகம் சொல்லிக்கொடுத்தது. பெரும்பாலும் கன்னத்தில். கப்பல்களுக்கு வாழைக்காய், எலுமிச்சை, வெங்காயம் ஏற்றுவது என் தொழில். எல்லா நாட்டுக் கப்பலும் வரும், எல்லாக் கப்பலிலும் ஒரு சமையற்காரர் இருப்பார், எல்லாச் சமையற்காரரும் என் சரக்கைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார். அவர்களை மடக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. விலை சொல்வதற்கு முன்னால், "உங்க பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பேன்.

கேட்டுப் பாருங்கள். கல்லைப் போல நிற்கிற ஆள் கரைந்துவிடுவான். துருக்கிக்காரர் தெமிர், இரும்பு என்றார், மார்பைத் தட்டினார். நார்வேக்காரர் பியோர்ன், கரடி என்றார். ஆள் என்னவோ முருங்கைக்காய். எகிப்திலிருந்து வந்த கரீம், தாராள மனசுக்காரன் என்று அர்த்தம் சொல்லி முடிக்கவும் நான் விலையைச் சொன்னேன். தாராள மனசுக்காரன் என்று இப்போதுதான் தன் வாயால் சொன்னவர் எலுமிச்சைக்குப் பேரம் பேசுவாரா? கொரியாக்காரர் மட்டும் தன் பெயரை எழுதிக் காட்டி, அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அர்த்தம் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் வெயிலில் என் வெங்காயம் வாடிவிட்டது.

இப்படிச் சேர்த்துச் சேர்த்து, மந்தாவில் பெயர்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் பாதிரியார்கூடக் கிடையாது. பாப்லோ என்றால் சின்னவன். எங்கள் சுமைதூக்கும் சங்கத் தலைவர் பாப்லோ கதவு நிலையைத் தாண்டி உள்ளே வரப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். செசிலியா என்றால் பார்வை இல்லாதவள். தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியின் பெயர் அதுதான். கிளாவ்தியோ என்றால் நொண்டி. அவனுக்குத்தான் நான் கொடுத்த முன்பணத்தோடு அவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்தது.

என் மனைவி மத்தில்தே. ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர், கேட்காமலேயே சொன்னார்: போரில் வல்லவள். நான் சிரித்துவிட்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் குரல் உயர்த்துவது என் இலாகா.

அவள் அப்பா, லோர் குடும்பத்துக் கசிமிரோ. இந்தப் பெயருக்கு அர்த்தம் தேடி நான் வருடக்கணக்கில் அலைந்தேன். கடைசியில் ஒரு போலந்துக் கப்பல் வந்தது. அதன் தச்சர் சொன்னார்: அமைதியைக் கெடுப்பவன். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இன்னொரு அர்த்தமும் உண்டு, அமைதியைப் பறைசாற்றுகிறவன் என்றும் சொல்வார்கள் என்று ஏதோ ஆரம்பித்தார். எனக்கு முதல் அர்த்தமே போதும் என்று சொல்லிவிட்டேன்.

மாமனாரோடு எனக்கு என்ன பகை என்கிறீர்களா? மலையடிவாரத்தில் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர். இந்த மாகாணத்திலேயே என்னைப் பேரத்தில் ஜெயித்த ஒரே ஆள். என் இளவயதில் அவர் தோட்டத்தின் மொத்த விளைச்சலையும் மேலே தெரிந்த நாலு தாரைப் பார்த்துவிட்டு வாங்கினேன். கீழே இருந்ததைப் பன்றிகூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. சண்டைக்குப் போன இடத்தில் மத்தில்தே எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். சண்டையை மறந்து பெண் கேட்டேன். அவர் பேரமே பேசாமல், ஒரு நிபந்தனையும் போடாமல் கொடுத்துவிட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இலவசமாக வாங்கியதற்கு இன்றுவரை தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். வருடத்தில் மூன்று மாதம் என் தாழ்வாரத்தில் அவருடைய வலை ஊஞ்சல் தொங்கும். அதில் அவர் தொங்குவார்.

கல்யாணத்தன்றே நானும் மத்தில்தேயும் ஒப்பந்தம் போட்டோம். பெண் பிறந்தால் பெயர் அவளுடையது. பையன் பிறந்தால் என்னுடையது. நல்ல பேரம் என்று கை குலுக்கினேன். அடுத்தடுத்து நாலும் பெண். நாலுக்கும் அவள் தன் அப்பாவின் நாலு தங்கைகளின் பெயரை வரிசையாக வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தைகள் தீர்ந்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் இனி மிச்சம் இருப்பது அந்தத் தாத்தாதான்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் தெருவில் நின்று கத்தினேன் என்று? என் பையனை நான் தினமும் கூப்பிட வேண்டும். பாசமாகக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பன்றி முகர்ந்த விளைச்சல் ஞாபகத்துக்கு வந்தால் மனிதன் எப்படிப் பாசமாக இருப்பது?

பிரசவம் வீட்டிலேயே ஆனது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் பையன் வந்துவிட்டான். அவசரக்காரன், என்னைப் போல. பிள்ளையை எடுத்தவள் பக்கத்து வீட்டு யூஃபேமியா. நல்ல வார்த்தை பேசுகிறவள் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். அவள் பேசிய நல்ல வார்த்தைகளால் இந்தத் தெருவில் மூன்று குடும்பம் வீடு மாறிப் போயிருக்கிறது. மறுநாளே மாமனார் வந்து இறங்கினார், பத்துக் கோழிகளோடும் அந்த ஊஞ்சலோடும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் படி இறங்கக் கூடாது, கோழிச் சாறுதான் ஆகாரம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் படி இறங்க முடியாது என்றால் பதிவு அலுவலகத்துக்குப் போகிறவன் யார்? நான். பேனா யார் கையில்? என் கையில். இதைவிட வசதியான பேரம் எனக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு என் நோட்டைத் திறந்தேன். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு கப்பலிலும் பொறுக்கிய ஆண்பிள்ளைப் பெயர்கள். உலகத்தின் நல்ல பெயரெல்லாம் அதில் இருந்தன. மத்தில்தே சாறு குடித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல லியோனிதாஸ். கிரேக்கம். சிங்கத்தோட பிள்ளைன்னு அர்த்தம்."

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். "எனக்கு எப்பவுமே பிடிச்ச பேரு."

"எப்பவுமேன்னா?"

"உங்களுக்கு முன்னாடி என்னைப் பொண்ணு கேட்டு வந்தாரே, சொந்தமா ரெண்டு படகு வச்சிருந்தாரு, சுருட்டை முடி. அவர் பேரும் லியோனிதாஸ்தான். அதையே வைங்க. கூப்பிடறப்பல்லாம் நல்லா இருக்கும்."

லியோனிதாஸை அடித்தேன். நோட்டில்தான். ஆள் இன்னும் துறைமுகத்தில் நடமாடுகிறான்.

"தாரியோ. பாரசீகம். நல்லதைக் கையில பிடிச்சு வச்சிருக்கறவன்."

"அப்பா நேத்துக்கூடச் சொன்னாருங்க, தாரியோ மாதிரி ஒரு பேரு இல்லைன்னு. கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாரு."

தாரியோவும் போனார்.

"அலாரிகோ. ஜெர்மன் பக்கத்து ராஜா பேரு. எல்லாரையும் ஆளறவன்."

"கம்பீரமா இருக்கு. எங்க பெரியப்பா வளர்த்த சண்டைச் சேவல் பேரும் அதுதான். ஏழு சண்டை ஜெயிச்சுது." ஒரு வாய் சாறு குடித்தாள். "எட்டாவது சண்டை அன்னிக்கு எங்க எல்லாருக்கும் சூப்பு."

இப்படியே அரை மணி நேரம். எந்தப் பெயரையும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் புகழ்ந்தாள். அவள் புகழப் புகழ நான் அடித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு வருடத்துச் சேமிப்பு கடைசிப் பக்கம் வரைக்கும் கறுப்புக் கோடாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. நாற்காலியை உதைத்தேன். கால்தான் வலித்தது.

"அப்ப எதைத்தான் வைக்கறது?" என்று கத்தினேன். தாழ்வாரத்தில் ஊஞ்சல் ஆடுவது ஒரு நொடி நின்று, திரும்ப ஆடியது.

"எது வேணா வைங்க. உங்க உரிமை. நான் குறுக்கே வரல," என்றாள் மத்தில்தே, எப்போதும் போலத் தாழ்ந்த குரலில். "நிக்கனோர்னு மட்டும் வெச்சிடாதீங்க."

"நிக்கனோரா? அதை யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா தோணுச்சு."

"சும்மா எப்படித் தோணும்?"

"விடுங்க. அது ஒரு பேரா? கனமா, பழசா, பரண்ல இருந்து எறக்கின மாதிரி. பசங்க பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க. கூப்பிட்டாலும் வாய்க்குள்ளயே சிக்கிக்கும். இந்தக் காலத்துல யாரு வைக்கறா அதை? அந்தப் பேச்சே வேண்டாம்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் மனித முகங்களைப் படித்துப் பிழைக்கிறவன். எதிராளி எந்தக் கூடையைத் துணி போட்டு மூடுகிறானோ, நல்ல சரக்கு அதில்தான் இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் மத்தில்தே ஒரு பொருளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒன்றுக்குப் பயப்படுகிறாள். அப்படியென்றால் அந்தப் பெயரில் என்னவோ இருக்கிறது.

விடிந்ததும் துறைமுகத்துக்கு ஓடினேன். நல்ல வேளை, ஒரு கிரேக்கக் கப்பல் நின்றிருந்தது. அதன் சமையற்காரர் ஸ்தாத்திஸ் எனக்கு ஏழு வருடப் பழக்கம், ஏழு வருடமும் சண்டை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெற்றின்னு ஒரு சொல்லு, ஆம்பளைன்னு ஒரு சொல்லு," என்றார். "ரெண்டையும் சேர்த்தா நிக்கனோர். ஆளுங்களை ஜெயிக்கறவன். பெரிய படைத்தலைவனுங்க வச்சுக்கிட்ட பேருய்யா அது. யாருக்கு?"

"என் பையனுக்கு," என்றேன். சொல்லும்போதே நெஞ்சு விரிந்தது. ஆட்களை ஜெயிக்கிறவன். சென்டாவோவின் மகனுக்கு இதைவிட வேறென்ன பெயர் வேண்டும்? பன்னிரண்டு வருடம் நான் தேடியது இதுதான். என் மனைவி பயந்ததும் இதற்குத்தான், ஜெயிக்கிறவன் வீட்டுக்கு வந்துவிடுவானே என்று. ஸ்தாத்திஸுக்கு ஒரு வாழைத்தாரைத் தூக்கிக் கொடுத்தேன், இலவசமாக. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே அழுகியிருக்கிறது என்று தேடியிருப்பார்.

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பேரம் என்று சொன்னால் போதாது. அவள் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பெயரை வைக்கலாமே, வயசானவர், எத்தனை நாள் இருக்கப் போகிறார் என்றாள். முடியாது என்றேன். சரி, முதல் பெயர் கசிமிரோ, இரண்டாவது பெயர் உங்கள் இஷ்டம் என்றாள். இங்கே இரண்டு பெயர்வரை பதியலாம். முடியாது என்றேன். அப்படியானால் நிக்கனோர் முன்னால், கசிமிரோ பின்னால், அவர் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

"உன் அப்பா ஓரமா உக்காந்ததை நான் பார்த்ததே இல்லை, மத்தி," என்றேன். "ஓரத்துல எடம் குடுத்தா நடுவுல கால நீட்டுவாரு. ஒத்தைப் பேரு. நிக்கனோர். அவ்வளவுதான்."

"என் பேச்சுக்கு இந்த வீட்ல மதிப்பே இல்லையா?"

"இருக்கு. பொண்ணு பொறந்தா."

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரிங்க. நீங்க ஜெயிச்சீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். வீட்ல பொறந்த பிள்ளைக்கு ரெண்டு சாட்சி வேணுமாம். யூஃபேமியா வரா. இன்னொரு ஆளா அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. பேருதான் இல்லை, கையெழுத்தாவது இருக்கட்டும்."

யோசித்துப் பார்த்தேன். என் பேனாவால் அவர் பெயர் எழுதப்படாமல் போவதை அவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பன்றி முகர்ந்த விளைச்சலுக்கு இது சரியாகப் போகும். ஜெயித்தவன் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். மாமனாரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஓலைத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும்," என்றார். அவ்வளவு பணிவு. எனக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது.

பதிவு அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் எங்கள் மூன்று பேருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி அடுக்கிக்கொண்டார். பிள்ளையின் பெயர் கேட்டார். எழுந்து நின்று சொன்னேன். பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

"நிக்கனோர். கிரேக்கம். ஆளுங்களை ஜெயிக்கறவன்."

"ரெண்டாவது பேரு?"

"வேண்டாம் மேடம். எடம் விட்டா யாராவது வந்து உக்காந்துருவாங்க." சொல்லிவிட்டு மாமனாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் தட்டச்சு செய்யக் கொஞ்சம் நேரமாகும் என்றார். வாசலில் ஒருவன் சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். என் மகனுடைய முதல் காகிதம், ஈரம் படக் கூடாதல்லவா? போய் அவனோடு விலை பேசினேன். அநியாயம் சொன்னான். நானும் விடவில்லை. கடைசியில் அவன் கையெடுத்துக் கும்பிட்டு என் விலைக்கே வந்தான். அந்த வெற்றியோடு உள்ளே வந்தபோது காகிதம் தயார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் அம்மாள். நான் சொன்ன பெயர் மேலே இருக்கிறதா? இருக்கிறது. போட்டேன். முத்திரை விழுந்தது. டப் என்று ஒரு சத்தம். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"அடுத்தது சாட்சிங்க," என்றார் அம்மாள். யூஃபேமியாவைக் கூப்பிட்டார், அவள் போட்டாள். அடுத்த அட்டையை எடுத்தார். "நிக்கனோர் லோர்."

"மேடம், அது என் பையன் பேரு," என்றேன். "அவனுக்கு அஞ்சு நாள்தான் ஆகுது. சாட்சி பேரைக் கூப்பிடுங்க."

"சாட்சி பேரைத்தான் கூப்பிடறேன்."

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. என் மாமனார் எழுந்தார். தொப்பியை இடது கைக்கு மாற்றினார். மேஜைக்கு நடந்தார். பேனாவை வாங்கி, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, நிக்கனோர் லோர் என்று எழுதினார்.

அம்மாள் இரண்டு பெயரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தாத்தா பேரையே வெச்சிருக்கீங்களா? எவ்வளவு நல்ல மனசு சார் உங்களுக்கு. இந்தக் காலத்துல மாமனார் பேரை யாரு வைக்கறா?"

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

பிள்ளையின் பெயரை அழித்துவிடச் சொன்னேன். அம்மாள் மன்னிக்கும் பார்வையோடு, முத்திரை விழுந்துவிட்டது, இனி பையனுக்குப் பதினெட்டு வயதானதும் அவனே நேரில் வந்து ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவன் சம்பந்தப்பட்ட விஷயம், நான் மனு போட முடியாதாம். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஐந்து நாள்தான் கழிந்திருந்தது.

வழியெல்லாம் யூஃபேமியாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டே வந்தன. மாமனார்தான் பேசினார். அவர் பிறந்தபோது அவருடைய அப்பாவும் இப்படித்தானாம். ஒரு பகல் முழுக்க நடந்து ஊருக்குப் போய், ஆசையாக நிக்கனோர் என்று பதிந்துவிட்டு வந்தாராம். வீட்டில் அவர் அம்மா, பிள்ளை பிறந்த தேதி எந்தப் புனிதருடையதோ அவர் பெயரை வைக்கலாம் என்று காலண்டரைப் பார்த்திருக்கிறாள். மார்ச் நாலு, புனித கசிமிரோ நாள். அப்பா திரும்பி வருவதற்குள் அக்கம்பக்கம், ஆடு மாடு எல்லாம் கசிமிரோ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டன.

"எழுபத்தோரு வருஷம் ஆச்சு, மாப்ளே," என்றார். "அப்பா நடந்து போய் எழுதின பேரு. அதால என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. அது என்னோடவே போயிடக் கூடாதுன்னு மத்தில்தே சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கிட்டே இருப்பா." தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். வெயிலுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வேகமாக முன்னால் நடந்தேன். கோபம்தான். வேறொன்றுமில்லை.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். மத்தில்தே பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. என் மூச்சிலேயே தெரிந்திருக்கும்.

"என்னை ஏமாத்திட்டே," என்றேன்.

"நானா? வேண்டாம் வேண்டாம்னு எத்தனை தரம் சொன்னேன். கண்ணீர் விட்டேன். யூஃபேமியாவையே கேளுங்க."

"உங்கப்பா பேரு நிக்கனோர்னு சொன்னியா?"

"நம்ம கல்யாணப் பத்திரத்திலேயே இருக்கேங்க. மணமகளின் தந்தை, நிக்கனோர் லோர். நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு ரெண்டு வரி மேல."

கல்யாணப் பத்திரம். அன்றைக்கு அதைப் படிக்க எனக்கு நேரமில்லை. தேவாலய வாசலில் புகைப்படக்காரனோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். பாதியாகக் குறைத்தேன். அந்தப் பெருமையோடு உள்ளே வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சட்டென்று எனக்கு மண்டியின் வாசல் கண்ணில் தெரிந்தது. முப்பது வருடமாகப் பார்க்கும் காட்சி. தாரைத் தட்டிப் பார்த்து, தோல் கறுத்திருக்கிறது, காம்பு காய்ந்திருக்கிறது, இதை யார் வாங்குவார்கள் என்று குறை சொல்லிக்கொண்டே நிற்பவள் எவளோ, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறவளும் அவள்தான். வாங்காதவள் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். என் தொழிலின் முதல் பாடம். கனமான பெயர், பழைய பெயர், பரணிலிருந்து இறக்கிய பெயர். லியோனிதாஸ் மட்டும் ரொம்ப நல்லா இருக்கு.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போரில் வல்லவள் என்று ஜெர்மன் இன்ஜினியர் சொன்னபோது சிரித்தேனே, அந்தச் சிரிப்பை எப்படித் திருப்பி வாங்குவது?

அப்போதும் நான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. சரக்கு யாருடையதாக இருந்தால் என்ன, அர்த்தம் நான் தேடிக் கண்டுபிடித்தது. ஆட்களை ஜெயிக்கிறவன். அது மாமனாருக்குத் தெரியுமா? எழுபத்தோரு வருடம் கையில் வைத்துக்கொண்டே தெரியாமல் இருந்திருக்கிறார். என் மகனுக்குத் தெரியும். நான் சொல்வேன். தினமும் சொல்வேன். அதைக் கேட்டு வளர்ந்தால் பையன் ஒரு நாள் இந்தத் துறைமுகத்தையே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போவான்.

பக்கத்து அறையில் தொட்டிலைச் சுற்றி என் நாலு பெண்களும் நின்றிருந்தார்கள். பெரியவள் தொட்டிலை ஆட்டினாள். மற்ற மூவரும், "கசிமிரோ, தூங்கு கசிமிரோ," என்று கோரஸாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். பிறந்த அன்றிலிருந்தே அம்மா அப்படித்தான் கூப்பிடுகிறாள், நிக்கனோர் காகிதத்துக்கு மட்டுமாம் என்றாள் பெரியவள்.

ஆக, ஒரே பேரத்தில் என் மாமனாருடைய இரண்டு பெயரும் என் பையனுக்கு வந்துவிட்டன. காகிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று.

இருக்கட்டும். இந்த வீட்டில் ஒருவனாவது அந்தக் குழந்தையை அவனுடைய சரியான பெயரால், அர்த்தம் தெரிந்து, தலைநிமிர்ந்து கூப்பிட வேண்டும். பெண்களை விலகச் சொன்னேன். தொட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் மூக்கு, என் நெற்றி, என் கைமுஷ்டி. பிறந்து ஐந்து நாளில் எதையோ விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருக்கிறான். தொண்டையைச் செருமிக்கொண்டு, படைத்தலைவனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன்.

"நிக்கனோர்."

பையன் தூங்கிக்கொண்டிருந்தான். தாழ்வாரத்து ஊஞ்சலிலிருந்து பதில் வந்தது.

"என்ன மாப்ளே, கூப்பிட்டீங்களா?"